யாரு கைய வெச்சது

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கண்ணுக்கு முன் வருவது அவர் காதுதான். பேசிக்கொண்டே இருப்பார், கை தானாக மேஜை இழுப்பறைக்குள் போய் சர்க்யூட்டில் வைக்கிற ஒரு ரெசிஸ்டரை எடுக்கும். அதன் கம்பிக்காலைச் சின்னக் கொக்கியாக வளைத்துக் காதுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகக் குடைவார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சட்டையில் துடைப்பார். வளைந்த காலை நகத்தால் நிமிர்த்தி மறுபடி அதே இழுப்பறையில் போட்டுவிடுவார். மறுநாள் அது யாருடைய போர்டிலாவது ஏறும். அந்த வருஷம் செங்கல்பட்டைச் சுற்றியிருந்த கல்லூரிகளில் எத்தனை ப்ராஜெக்டுகளில் அவர் காது அழுக்கு இருந்ததோ தெரியாது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் சோறு இறங்காது.

ஒன்பது வோல்ட் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று நாக்கை நீட்டித் தொட்டுத்தான் பார்ப்பார். மீட்டர் பக்கத்திலேயே இருக்கும். நாக்கு சுருக்கென்றதும் "சூப்பரா கீது" என்று அதை அப்படியே ஈரத்தோடு நம் கையில் கொடுப்பார். கம்பியின் தோலைப் பல்லால் உரித்துத் தரையில் துப்புவார். அந்தக் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு வேறு உள்ளே வரவேண்டும். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அவர் எச்சில் துணுக்குகள் உள்ளங்காலில் ஒட்டும்.

கடை என்றால் 'ப்ராஜெக்ட் சென்டர்'. கடைசி வருஷ இன்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே செய்யவேண்டிய ப்ராஜெக்டை, செய்யத் தெரியாததால், செய்து வாங்கிக்கொண்டு போகும் இடம். செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. நான் ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயில் ஏறிப் போவேன். இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. எங்கள் எல்லோருக்கும் அவர் 'சார்'. எந்தக் கல்லூரியிலும் அவர் பாடம் நடத்தியதில்லை, இருந்தாலும் சார்.

அழுக்கைக்கூட மன்னித்துவிடலாம். எனக்கு அவரிடம் குமட்டியது வேறொன்று. ஒரு பொருள் ஓடவில்லை என்று கொண்டுபோனால் உலகத்தில் எந்த மெக்கானிக்கும் 'என்ன பண்ணுது' என்றுதான் கேட்பான். இவர் கேட்க மாட்டார். தலையைத் தூக்காமல் ஒரே கேள்விதான் கேட்பார்.

"யாரு கைய வெச்சது?"

எங்கே பழுது என்று தேடவே மாட்டார். ஆளைத்தான் தேடுவார். ஆள் கிடைத்துவிட்டால் அவருக்குப் பழுது சரியான மாதிரிதான். ஒரு தடவை கடையின் டியூப்லைட் மினுக்கிக்கொண்டே இருந்தது. டீ கொண்டுவந்தவர் படியேறும்போது சுவிட்ச் பெட்டியில் கை வைத்தார் என்று அவரை நிறுத்திப் பத்து நிமிஷம் திட்டினார். அந்த மனிதர் அதற்கப்புறம் மாடிக்கே வரவில்லை, டீயைக் கீழேயே வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். டியூப்லைட் நான் படித்து முடித்து வரும்வரை மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. இன்னொரு தடவை ஒருத்தனுடைய மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. இரண்டு கம்பியை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. "உன் கூட வந்த பொண்ணு இன்னா, சும்மா தொட்டுத் தொட்டுப் பாத்துகினு இருந்துச்சே" என்று ஆரம்பித்தவர், அந்தப் பெண் அழுதபடி படியிறங்கிப் போகும்வரை விடவில்லை. போனதும் இவர் சத்தமில்லாமல் கம்பியை மாற்றிக் கொடுத்தார்.

யாரும் கிடைக்காத நாட்களுக்குக் கஸ்தூரி அக்கா இருந்தார்.

கடையில் சால்டரிங், அதாவது ஈயத்தை உருக்கிப் பாகங்களின் கால்களை ஒட்டுவது, முழுக்க அக்காதான். செய்யூருக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஜன்னலோரம் ஒரு ஸ்டூல், கழுத்து வளைகிற ஒரு லென்ஸ் விளக்கு, புகை. கூப்பிட்டால் 'ம்' என்பார், நிமிர மாட்டார். ஆங்கிலம் எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் சர்க்யூட் படத்தைக் கொடுத்தால் கோட்டுக்குக் கோடு அப்படியே கம்பியில் இழுத்துவிடுவார், ஒரு கோடு கூடாது, ஒரு கோடு குறையாது. மூக்குத்தி அளவுகூட இல்லாத கால்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்கிற அந்தக் கையை நான் பிறகு பெரிய பெரிய கம்பெனிகளில்கூடப் பார்த்ததில்லை.

அக்காவின் புருஷன் சவுக்கு வெட்டப் போன இடத்தில் விழுந்து இடுப்பு போய்ப் படுத்திருந்தார். அக்காவுக்கு முட்டியில் தேய்மானம். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி ஒருநாள் சொன்னார்: "உக்காந்து செய்ற வேல பாப்பா இது. இது போச்சின்னா மறுபடி கொல்லையில மல்லாட்டச் செடி புடுங்கத்தான் போவணும். முட்டிய மடக்கி உக்காந்தா எழுந்துக்க ரெண்டு ஆளு வேணும் எனக்கு. யாரு கூப்புடுவா?"

இது சாருக்கும் தெரியும். தெரிந்துதான் வாரத்துக்கு ஒருமுறை, எல்லோர் முன்னாலும், "இன்னொருவாட்டி இப்டி ஆச்சின்னா பையத் தூக்கினு கெளம்பிடு" என்பார். அக்கா லென்ஸை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொள்வார்.

எங்கள் ப்ராஜெக்ட் ஒரு இறால் குஞ்சுப் பண்ணைக்கு. மாமல்லபுரம் தாண்டிக் கடலோரத்தில் இருந்தது பண்ணை. என்னோடு சேர்ந்து செய்த தினகரனின் சித்தப்பா அங்கே மேஸ்திரி மாதிரி. தொட்டித் தண்ணீரின் சூடு ஏறினால் பம்பு தானாக ஓடவேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்கிற மைக்ரோகண்ட்ரோலர் போர்டுக்கு ப்ரோக்ராம் ஏற்றவேண்டும். பழைய கம்ப்யூட்டர் என்றால் பின்னால் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் இருக்கும், நேராகச் சொருகலாம். பண்ணைக்குத் தூக்கிக்கொண்டு போக எங்களுக்குக் கிடைத்ததோ தினகரன் மச்சானின் லேப்டாப். அதில் யுஎஸ்பி மட்டும்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு அடாப்டர் வேண்டும்.

"மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெடிமேடா கெடைக்குமே சார்" என்றான் தினகரன்.

"அது எதுக்கு? நம்மளே பண்ணுவோம்" என்றார் சார். சுவரில் ஆணியில் அந்த அடாப்டருக்கான சர்க்யூட் படம் ஒன்று தொங்கும். அவரே ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து லேமினேட் பண்ணி வைத்தது. அதை யாரும் தொடக்கூடாது. அதில் போர்டுக்குப் போகிற கம்பி இரண்டு. ஒன்று பேச, ஒன்று கேட்க. அக்கா அந்தப் படத்தைப் பார்த்து, இருபத்தெட்டு கால் வைத்த பொடிச் சில்லு ஒன்றை லென்ஸுக்குக் கீழே வைத்து ஒரு மதியத்தில் செய்து முடித்தார்.

கடையில் சாருடைய கம்ப்யூட்டரில் சொருகினோம். முதல் தடவையே ப்ரோக்ராம் ஏறியது. போர்டின் விளக்கு கண் சிமிட்டியது. சார் நாற்காலியில் சாய்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"நம்மகிட்ட ஓடுது. எடுத்துனு போ."

பண்ணையில் ஓடவில்லை. திரையில் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறிகளாகவும் கொட்டியது. சூடு எவ்வளவு என்று போர்டைக் கேட்டால் பைத்தியம் பிடித்தவன் உளறுவதுபோல எதையோ சொன்னது. பண்ணையில் செத்த இறால் நாற்றமும் மருந்து நாற்றமும் கலந்து அடிக்கும், உப்பு ஈரம் வேறு. இரண்டு மணி நேரம் அந்த ஷெட்டில் நின்று பார்த்துவிட்டு, பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குத் திரும்பினோம்.

"யாரு கைய வெச்சது?"

"யாரும் வெக்கல சார். சொருகினோம், அவ்ளோதான்" என்றேன்.

"இங்க குடு." சொருகினார். ஓடியது. என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல. ஏதோ நான் பொய் சொல்லிப் பிடிபட்ட மாதிரி.

இப்படி மூன்று தடவை நடந்தது. கடையில் ஓடும், பண்ணையில் உளறும். முதல் தடவை கடல் காற்று என்றார். இரண்டாம் தடவை, "இவன் கையில இன்னாமா வேர்க்குது பாரு, அதான்" என்று தினகரனைக் காட்டினார். தினகரன் அன்றைக்கு முழுக்கக் கையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே திரிந்தான், பாவம். மூன்றாம் தடவை சொல்ல வேறு ஆளில்லை. ஸ்டூல் பக்கம் திரும்பினார்.

"உன் சால்டரிங்குதான். குளுருல ஒருமாரி, வெயில்ல ஒருமாரி விட்டுப்போவுது. கண்ணு போச்சு உனக்கு."

அக்கா அந்த இருபத்தெட்டுக் கால்களையும் மறுபடி உருக்கி வைத்தார். ஒரு தடவை போதாதென்று இன்னொரு தடவையும். அவசரத்தில் விரல் நுனி வெந்து வெள்ளையாகக் கொப்புளம் கட்டியது. வாய்க்குக் கிட்டே வைத்து ஊதிக்கொண்டே வேலை செய்தார். சார் பக்கத்தில் நின்று முறுக்கைக் கடித்தபடி, "இதான் கடசி. இன்னொருவாட்டி இந்தப் போர்டு திரும்பி வந்துச்சுன்னா நீ வேணாம்" என்றார். இந்தத் தடவை அவர் குரலில் வழக்கமான திட்டு இல்லை, முடிவு இருந்தது. தன் மைத்துனர் மகள் ஒருத்தி சும்மா இருக்கிறாள் என்று முந்தின வாரம்தான் யாரிடமோ ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ரயிலில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த தடவை பண்ணையில் ஓடவில்லையென்றால் போவது என் மதிப்பெண் மட்டும் இல்லை.

அதனால் நான்காவது தடவை நான் கொஞ்சம் ஒழுங்காக யோசித்தேன். பண்ணைக்குப் போனதும் போர்டைக் கழற்றிவிட்டு, அடாப்டரின் பேசுகிற கம்பியையும் கேட்கிற கம்பியையும் ஒன்றாக முறுக்கினேன். அடாப்டர் பேசுவது அதற்கே திரும்பி வரவேண்டும். என் பெயரை அடித்தேன். என் பெயர் திரையில் சுத்தமாக வந்தது. ஆக அடாப்டரில் கோளாறில்லை, அக்கா வைத்த ஒரு காலும் விட்டுப்போகவில்லை. கடையில் ஓடுகிற போர்டும் நல்ல போர்டுதான். இரண்டும் தனித்தனியாக நன்றாயிருக்கின்றன, சேர்த்தால் உளறுகின்றன.

"இன்னாதான் வேணுமாம் இதுக்கு" என்று தினகரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. போர்டு அணைந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், ஒரு பழைய யுஎஸ்பி ஒயரை வெட்டி, லேப்டாப்பிலிருந்தே போர்டுக்குக் கரண்ட் கொடுத்தேன்.

ஓடியது. உளறலே இல்லை. தொட்டியின் சூடு இருபத்தெட்டு என்று தெளிவாகச் சொன்னது. கரண்ட் வந்ததும் பழையபடி சுவர் ப்ளக்கில் மாட்டினோம், மறுபடி உளறல்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பேச ஒன்று, கேட்க ஒன்று என்று இரண்டு கம்பி போதாது. இருவருக்கும் பொதுவாகத் தரை ஒன்று வேண்டும். கிரவுண்ட் என்று சொல்கிற மூன்றாவது கம்பி. ஒருவன் 'இவ்வளவு உயரம்' என்று சொன்னால், எந்தத் தரையிலிருந்து என்று மற்றவனுக்குத் தெரியவேண்டாமா? கடையில் அந்தக் கம்பி இல்லாமலே ஓடியதற்குக் காரணம், சார் எல்லாப் போர்டுக்கும் கரண்ட்டைத் தன் கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்தே எடுப்பார். மூடி இல்லாத அந்த டப்பாவிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர் மேஜை முழுக்க ஓடும். கம்ப்யூட்டருக்கும் போர்டுக்கும் தரை அங்கே தானாகவே ஒன்றாகிவிட்டது. வெளியே வந்தால் லேப்டாப் ஒரு தரை, சுவர் ப்ளக் ஒரு தரை. ஒரு முழம் கறுப்பு ஒயரை எடுத்து இரண்டு கிரவுண்டையும் சேர்த்தேன். அதற்கப்புறம் அது ஒரு எழுத்துகூட உளறவில்லை.

தப்பு படத்தில் இருந்தது. இவர் வரைந்து லேமினேட் பண்ணி ஆணியில் மாட்டி, யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்த படத்தில். அக்கா கோட்டுக்குக் கோடு சரியாகத்தான் இழுத்திருந்தார், சார் போட மறந்த கோட்டை இழுக்காமல் விட்டது வரைக்கும்.

மறுநாள் கடைக்குப் போனேன். அதற்கு அடுத்த நாள் எனக்கு வாய்மொழித் தேர்வு. ப்ராஜெக்ட் ரெக்கார்டு பைண்ட் பண்ணி சாருடைய இரும்பு அலமாரியில் இருந்தது, சாவி அவர் அரைஞாணில். கடையில் அன்றைக்கு ஏழெட்டு மாணவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவரை எல்லோர் முன்னாலும் சங்கடப்படுத்தக்கூடாது என்று நல்ல பிள்ளையாக, ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். தப்பு படத்தில்தான், அக்கா கையில் இல்லை என்று தெரிந்தால் இனிமேல் அவரைத் திட்டமாட்டார் என்று நினைத்தேன். என் முட்டாள்தனத்தை என்ன சொல்ல.

முழுக்கக் கேட்டார். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. படத்தைப் போய்ப் பார்த்தார், ஆணியிலிருந்து கழற்றினார். மேஜைக்கு எடுத்துப்போய் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நீல மார்க்கர் பேனாவின் மூடி கழலும் சத்தம் கேட்டது. படத்தை மறுபடி ஆணியில் மாட்டினார். இரண்டு கோடு இருந்த இடத்தில் இப்போது மூன்று கோடு இருந்தது.

"கஸ்தூரி, இங்க வா."

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"படத்துல எத்தினி கோடு கீது?"

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மூணு சார்."

"நீ எத்தினி கம்பி வெச்ச?"

"ரெண்டு. படத்துல ரெண்டுதான சார் இருந்துச்சு. இந்தக் கோடு நேத்து வரைக்கும் இல்லியே." சொல்லிக்கொண்டே கையை நீட்டி, கொப்புளம் கட்டாத விரலால் அந்த மூன்றாவது கோட்டைத் தொட்டார். லேமினேஷன் மேல் மை காயவில்லை. விரல் நீலமாகிவிட்டது. அக்கா அந்த விரலை எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். "பாருங்க சார். ஈரமாக்கீது."

ஏழெட்டுப் பேரும் பார்த்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோருடைய ரெக்கார்டும் அதே அலமாரியில்தான் இருந்தது.

சாருக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை. முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. படிச்ச பொண்ணு. படத்துல கோடு கீதா, இல்லியா?"

அக்கா என்னைப் பார்த்தார். பயமே இல்லாமல்தான் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பினார்.

"இருக்கு சார்" என்றேன்.

பொய் இல்லை. இருந்தது. அந்த நிமிஷம் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூ.

அக்கா ஜன்னல் பக்கம் போனார். சால்டரிங் அயனை ஸ்டாண்டில் வைத்து சுவிட்சை அணைத்தார். பேஸ்ட் டப்பாவை மூடினார். டிபன் பாக்ஸைப் பையில் போட்டார், இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"இப்ப கீது பாப்பா. நான் நேத்தியத சொன்னேன்."

படியில் ஒவ்வொரு காலாக வைத்து, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். கீழே போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆனது. சார் அலமாரியைத் திறந்து, ரெக்கார்டை எடுத்து, ஊதித் தூசி தட்டி என் கையில் கொடுத்தார்.

"நல்லா பண்ணும்மா நாளைக்கு."

"தேங்க்ஸ் சார்" என்றேன்.

மறுநாள் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்புக் கம்பியைத் தொட்டு, இது எதற்கு, மற்றவர்கள் யாரும் வைக்கவில்லையே என்று கேட்டார். கரண்ட் போனது, லேப்டாப்பில் மாட்டியது, இரண்டு தரை, எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"குட். படத்தில் தப்பு என்று யார் கண்டுபிடித்தது?"

"நான்தான் சார்" என்றேன். குரல் கணீரென்று வந்தது.